உட்கார்ந்து எழுந்தால் இடுப்போரம் வலிப்பது ஏன்?

சிவகாசியிலோ, சாத்தூரிலோ, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலோ நீங்கள் வசிப்பவராக இருந்தால், மாலையில் பட்டாசு ஆபீஸ் வேன்கள் வந்து நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று கவனியுங்கள். (இந்த வட்டாரத்தில் ஆலையை யாரும் ஆலை என்பதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்பதுதான் பேச்சு வழக்கு.) வேனிலிருந்து இறங்கும் பெண்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய சிலர், முதல் பத்துப் பன்னிரண்டு அடிகளை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எடுத்து வைப்பார்கள். பிறகு நடை சீராகிவிடும். "என்ன மதினி, காலுல என்ன?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, உக்காந்து எந்திரிச்சதுல இடுப்போரம் புடிச்சிருக்கு" என்று பதில் வரும்.

அந்த ஒன்றுமில்லாத வலி சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மறுபக்கம் படுத்தாலும் விடியற்காலையில் வலி எழுப்பிவிடும். மாடிப்படி ஏறினால் சுருக்கென்று குத்தும். வாயுப் பிடிப்பு என்று ஒருவர் சொல்வார். மூட்டுத் தேய்மானம் என்று இன்னொருவர் சொல்வார். கடையில் வாங்கிய வலி மாத்திரையோடு நாட்கள் ஓடும். உங்கள் அம்மாவோ, அத்தையோ, ஆச்சியோ இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த வலி உண்மையில் எங்கிருந்து வருகிறது, ஓய்வெடுத்தும் ஏன் போவதில்லை என்று பார்ப்போமா?

முதலில் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 'இடுப்பு வலி' என்று தமிழில் சொன்னால் பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதி வலியைத்தான் குறிக்கிறோம். நாம் பேசுவது அதுவல்ல. எழுந்து நின்று, கையைத் தொடையின் வெளிப்பக்கத்தில், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சுமார் 12 செ.மீ. கீழே வைத்து அழுத்துங்கள். இப்போது குதிகாலை ஊன்றியபடியே பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்புங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு புடைப்பு உருள்வது தெரிகிறதல்லவா? அதுதான் தொடையெலும்பின் வெளிமுனைப் புடைப்பு. மருத்துவர்கள் 'பெரிய டுரோக்காண்டர்' என்பார்கள். கிரேக்க மொழியில் 'ஓடு' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஓடுவதற்கும் நடப்பதற்கும் தேவையான தசைகள் வந்து பற்றிக்கொள்ளும் கொக்கி அது என்பதால் பெயர் பொருத்தந்தான்.

அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும் தசைகளில் இரண்டு நமக்கு முக்கியம். குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்பவை அவை. இடுப்பெலும்பின் வெளிப்பரப்பில் விசிறிபோல் விரிந்து தொடங்கி, கீழே ஒடுங்கி, தசைநாண்களாக மாறி இந்தப் புடைப்பில் ஒட்டுகின்றன. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் உறுதியான கயிறு. கொலாஜன் என்ற புரத இழைகளை முறுக்கிச் செய்தது.

ஒற்றைக் காலில் ஒரு தராசு

இந்தத் தசைகளின் வேலை என்ன? ஒரு காலைத் தூக்கி, மறுகாலில் மட்டும் நின்று பாருங்கள். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரியவில்லை. ஏன்? ஊன்றிய காலின் பக்கத்தில் இருக்கும் அந்த இரு தசைகளும் இழுத்துப் பிடிக்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். எனவே நடை என்பதே இவற்றின் இடைவிடாத உழைப்பு.

எவ்வளவு உழைப்பு என்று கணக்குப் போடலாம். உங்கள் பாடத்தில் வரும் நெம்புகோல் தத்துவமே போதும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஊன்றிய காலைக் கழித்தால், இடுப்பு மூட்டு தாங்க வேண்டிய எடை சுமார் 42 கிலோ. இந்த எடை உடலின் நடுக்கோட்டில் கீழ்நோக்கி இழுக்கிறது. மூட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே சுமார் 10 செ.மீ. தூரம். மறுபக்கத்தில் தசை இழுக்கும் கோட்டுக்கும் மூட்டுக்கும் இடையே சுமார் 5 செ.மீ. மட்டுமே. தராசு சமநிலையில் நிற்க வேண்டுமானால் 42 x 10 = தசையின் இழுப்பு x 5. ஆக, இழுப்பு 84 கிலோ! மூட்டின் மேல் விழும் மொத்த அழுத்தம் 84 + 42 = 126 கிலோ. சொந்த எடையைப்போல் இரண்டரை மடங்கு.

உடல் அமைப்புக்குத் தக்கபடி இந்த அளவுகள் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் செய்தி மாறாது. தசைக்குக் கிடைத்திருக்கும் கை குட்டை; சுமைக்குக் கிடைத்திருக்கும் கை நீளம். இந்தத் தசைகள் தளர்ந்துவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சரியும். அதைச் சமாளிக்க உடலைச் சாய்த்து நடக்க நேரிடும். 1895-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரெண்டலன்பர்க் இதை விளக்கினார். இன்றும் மருத்துவர் நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர்தான். வேனிலிருந்து இறங்கியவரின் அந்தச் சாய்ந்த நடை இப்போது உங்களுக்கு வேறு விதமாகத் தெரியும்.

நசுங்கும் கயிறு

இழுப்பை மட்டும் தசைநாண் நன்றாகவே தாங்கும். அதற்காகவே படைக்கப்பட்ட கயிறு அது. அதற்குப் பிடிக்காதது பக்கவாட்டில் நசுக்கப்படுவது. இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொடையின் வெளிப்பக்கம் நெடுக ஓர் அகலமான நார்ப்பட்டை ஓடுகிறது. அது நம் எலும்புப் புடைப்பின் மேலாகத்தான் போகிறது. தசைநாண்கள் இரண்டுக்கும் நடுவில், அதாவது உள்ளே எலும்பு, வெளியே பட்டை என்று அகப்பட்டிருக்கின்றன. தொடை உடலின் நடுக்கோட்டை நோக்கி உட்பக்கம் சாயும்போதெல்லாம் பட்டை விறைத்து, தசைநாணை எலும்பின் மேல் அமுக்குகிறது.

எப்போது தொடை அப்படிச் சாய்கிறது? காலின் மேல் கால் போட்டு உட்காரும்போது. ஒரு பக்க இடுப்பைத் துருத்திக்கொண்டு, அந்தக் காலிலேயே எடை முழுவதையும் போட்டு நிற்கும்போது. ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை முன்புறம் தரையில் சாயவிடும்போது மேல்பக்கத்துத் தசைநாண் இப்படி அமுங்குகிறது. அதே வேளையில் கீழ்ப்பக்கத்தைத் தரையே நேராக அழுத்துகிறது. பாயில் படுப்பவருக்கு இரவில் இரு பக்கமும் வலிப்பதன் மர்மம் இதுதான்.

விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் இன்னொரு காட்சி உண்டு. இடுப்பில் குடம். மழை குறைந்த வறண்ட பூமி இது. 1922-ல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்களே, அந்தத் தொழிலும் பின்னர் வந்த பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேரூன்ற இந்த வறண்ட காற்று பெரிதும் உதவியது. அதே வறட்சிதான் பெண்களைக் குடத்தோடு தெருக்குழாய்க்கும் லாரித் தண்ணீருக்கும் நடக்க வைத்தது.

15 கிலோ எடையுள்ள குடம் இடது இடுப்பில் இருக்கிறது என்று வையுங்கள். வலது காலை ஊன்றி இடது காலை எடுத்து வைக்கும் கணத்தில், குடம் வலது மூட்டிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் தொங்குகிறது. 15 x 30 = 450. அதை 5-ஆல் வகுத்தால் 90. அதாவது 15 கிலோ குடத்துக்காக வலது பக்கத் தசை 90 கிலோ கூடுதலாக இழுக்க வேண்டும்! உடல் நேராக நின்றால்தான் இந்தக் கணக்கு. அவ்வளவு இழுக்க முடியாது என்பதால்தான் குடம் சுமப்பவர் மறுபக்கம் உடலை வளைத்து நடக்கிறார். நின்று பேசும்போதோ, குடம் இருக்கும் பக்கத்து இடுப்பைத் துருத்தி மேடையாக்கிக் கொள்கிறார். அங்கே தசைநாண் நசுங்குகிறது. நடந்தால் ஒரு பக்கத்துக்கு உழைப்பு, நின்றால் மறுபக்கத்துக்கு அமுக்கம். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதும் இப்படித்தான்.

பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுவது, காகிதக் குழாய் சுற்றுவது, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குவது, வீட்டில் பெட்டி ஒட்டுவது என்று பல வேலைகள் தரையில் உட்கார்ந்தே நடந்து வந்தவை. சம்மணமிட்டு உட்கார்ந்தால் தொடைகள் விரிந்திருப்பதால் பட்டையின் அமுக்கம் குறைவு. ஆனால் இரண்டு மணி நேரம் யாரும் ஒரே சம்மணத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, கால்களை மறுபக்கம் மடித்துக்கொள்வார்கள். அப்போது புடைப்பு தரையில் அழுந்துகிறது. நெடுநேரம் அசையாதிருந்துவிட்டுச் சட்டென்று எழும்போது, நோயுற்ற தசைநாண் முழு இழுப்பையும் ஒரேயடியாக ஏற்க வேண்டியிருக்கிறது. முதல் பத்து அடிகள் வலிப்பது அதனால்தான்.

இது பட்டாசுத் தொழிலுக்கே உரிய தனி நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கும், ஓட்டப்பந்தய வீரருக்கும் வருகிறது. உலகெங்கும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களையே அதிகம் தாக்குகிறது. மாதவிலக்கு நிற்கும் பருவத்து ஹார்மோன் மாற்றத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

மாறிய விளக்கம்

நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் இந்த வலிக்குக் கூறிவந்த காரணம் வேறு. எலும்புப் புடைப்புக்கும் தசைகளுக்கும் இடையே உராய்வைக் குறைக்கச் சிறு திரவப்பைகள் உள்ளன. அவை வீங்கி அழற்சி அடைவதே வலிக்குக் காரணம் என்றார்கள். அழற்சி என்றால் அதை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். காலுக்கு ஓய்வு தர வேண்டும். இதுவே சிகிச்சையாக இருந்தது.

மீயொலி அலைகளைக் கொண்டு உள்ளே பார்க்கும் கருவி வந்த பிறகு கதை மாறியது. இப்படி வலி இருந்த 877 பேரைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. திரவப்பை வீங்கியிருந்தது ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தசைநாணே பழுதுபட்டிருந்தது. இழைகள் ஒழுங்கு குலைந்து, நீர் கோத்துத் தடித்திருந்தன. ஓயாமல் நசுக்கப்படும் தசைநாண், கயிற்றின் குணத்தை விட்டுக் குருத்தெலும்பின் குணத்துக்கு மாறத் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

இங்கேதான் ஓய்வு பற்றிய நம் நம்பிக்கை தடுமாறுகிறது. தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு. பழுது பார்க்கும் வேலை மெதுவாகவே நடக்கும். அந்த வேலையைத் தூண்டுவது அளவான இழுப்பு. இழுப்பே இல்லாமல் படுத்துக் கிடந்தால் தசையும் மெலியும், நாணும் நலியும். பிறகு எழுந்து வேலைக்குப் போனால் பழைய சுமைகூடத் தாங்காது. வலி வரும்; மறுபடி ஓய்வு. இந்தச் சுழலில் சிக்கியவர்கள்தான் வருடக் கணக்கில் அவதிப்படுகிறார்கள். தேவை இரண்டு: நசுக்கலைக் குறைப்பது; இழுப்பைப் படிப்படியாகக் கூட்டுவது.

வெறும் ஊகமல்ல இது. ஆஸ்திரேலியாவில் 35 முதல் 70 வயது வரையுள்ள 204 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2018-ல் வெளியானது. முதல் குழுவுக்கு எட்டு வாரம் உடற்பயிற்சியும், எப்படி உட்காருவது, நிற்பது, படுப்பது என்ற அறிவுரையும். இரண்டாவது குழுவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது குழுவுக்குத் தைரியம் சொல்லிக் காத்திருத்தல். எட்டு வாரம் கழித்து, நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முறையே 100-க்கு 77, 58, 29 பேர். ஓராண்டு முடிவில் 79, 58, 52. கடைசி எண்ணையும் கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களிலும் பாதிப் பேர் ஓராண்டில் தேறினார்கள். உடலுக்குத் தானே சீர் செய்துகொள்ளும் திறன் இருக்கிறது. ஆனால் ஓராண்டு வலி என்பது கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்குச் சின்ன விஷயமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

படுக்கையிலிருந்து தொடங்குவோம். வலிக்காத பக்கம் படுத்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே தடித்த தலையணை வைத்துக்கொண்டால் மேல்கால் உட்பக்கம் சாயாது. அல்லது மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். பாயின் மேல் பழைய ஜமுக்காளம் இரண்டை மடித்துப் போடுங்கள். இது பைசா செலவில்லாத சிகிச்சை. பலருக்கு முதலில் குறைவது இரவு வலிதான்.

நிற்கும்போது எடை இரு கால்களிலும் சமமாக விழட்டும். குடத்தை வீட்டில் பெரிய பையனோ பெண்ணோ வாங்கிக்கொள்ளலாம். இதைப் படிக்கும் நீங்கள்தான் அந்தப் பெரிய பையனும் பெண்ணும்.

உடற்பயிற்சி எளியது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால்களை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ள வேண்டும். துண்டு இடம் கொடுக்காது. தசை மட்டும் இறுகும். பத்து விநாடி பிடித்து விடலாம். சில நாள் கழித்து, அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தலாம். பிறகு திண்ணையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ கைகளை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது. சுவரைத் தொட்டபடி நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பது. செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். அவ்வளவுதான் விதி. வலிக்கும் இடத்தை அழுத்தி நீவுவதும், காலை மறுபக்கம் இழுத்துச் 'சொடக்கு' எடுப்பதும் வேண்டாம். ஏற்கெனவே நசுங்கியதை மேலும் நசுக்கும் வேலை அது.

வேலையிடத்தில்தான் சிக்கல். "தரையில் உட்காராதீர்கள், நாற்காலியில் உட்காருங்கள்" என்று புத்தகத்தில் எழுதிவிடலாம். வெடிமருந்து புழங்கும் அறைக்குள் இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட முடியுமா? உராய்வில் ஒரு பொறி போதும். நுரை மெத்தை, நைலான் திண்டு இவையும் ஆகாது. பிளாஸ்டிக் சீப்பால் தலையை வாரிக் காகிதத் துணுக்குகளை இழுத்து விளையாடியிருப்பீர்கள். அதே நிலைமின்சாரம் இவற்றிலும் சேரும். வறண்ட காற்றில் எளிதில் சேரும். பட்டாசு வேலைக்குப் பருத்தி உடை வேண்டும் என்பதும், மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் தனிவகை ரப்பர் விரிப்பு போடுவதும் இதற்காகத்தான். ஆகவே எதையும் தாமாகக் கொண்டுபோகக் கூடாது. போர்மேனைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கேட்காமலே செய்யக்கூடியவையும் உண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதைத் தவிர்த்து, சம்மணமும் கால் நீட்டலுமாக மாற்றிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்கலாம். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த ஒரு நிமிடமும் காசுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அந்த அறைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வைப்பது, ஆபத்து என்றால் எழுந்து ஓடுவதற்காக. முதல் பத்து அடிகள் நொண்டுகிறவருக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம்?

எல்லா இடுப்போர வலியும் இதுவே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி தொடையிடுக்கில், முன்பக்கம் இருந்தால் மூட்டே காரணமாக இருக்கலாம். முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கி மரத்துப்போனால் முதுகு நரம்பைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை, காய்ச்சல் இருக்கிறது, காரணமின்றி உடல் மெலிகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் மாதக் கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குச் சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

கைத்தடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிக்கும் கால் பக்கத்துக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மறுபக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் மூட்டிலிருந்து மறுகை சுமார் 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. தடியை 5 கிலோ அளவுக்கு அழுத்தினால் 5 x 40 = 200; அதை 5-ஆல் வகுத்தால் 40. ஐந்து கிலோ அழுத்தத்தில் தசைக்கு நாற்பது கிலோ மிச்சம்! 1956-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். முதல் சில வாரங்களுக்குத் தடி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேறுகிறதா என்று எப்படி அறிவது? வாரம் ஒரு நாள், சுவரை விரலால் தொட்டபடி, வலிக்கும் காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். வலி தொடங்கும் வரை எத்தனை விநாடி என்று நீங்கள் எண்ணுங்கள். முப்பதைத் தொட்டால் நிறுத்திவிடலாம். எண்ணைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்த நாள்காட்டியும் பெரும்பாலும் சிவகாசியில் அச்சானதாகவே இருக்கும். முதல் வாரம் ஐந்தோ ஆறோ என்றுதான் இருக்கும். நடுவில் ஒரு வாரம் குறையவும் கூடும். எட்டு வாரம் விடாமல் குறியுங்கள்.